பயமா இருக்குன்னு சொல்லிருங்க தாயி

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அந்த அக்கா டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். தூங்கி எழுந்த முகமா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமா, காலையிலேயே ஊற்றிக்கொண்ட முகமா என்று பார்த்து, திருப்தியாக இருந்தால்தான் படியில் கால் வைப்பார். இல்லையென்றால் அடுத்த பஸ். நரிக்குடிப் பக்கம் அடுத்த பஸ் என்றால் அந்தக் காலத்தில் இரண்டு மணி நேரம் கழித்து. இரண்டு மணி நேரமும் புளியமரத்தடியில் நின்றுகொண்டே இருப்பார். உட்கார மாட்டார், வேரில் கட்டெறும்பு இருக்கும்.

பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே ஒருத்தி. ஆனால் எங்களைப் போன்றவர்கள் அதை மறைத்துவிடுவோம். தலைவலி என்போம், வேலை கிடக்கிறது என்போம். அவர் ஒருவர்தான் வெட்கமே இல்லாமல் சொல்லிவிடுவார். “எனக்கு ஈரக்கொலையே நடுங்குது தாயி” என்று சொல்லிவிட்டுத்தான் எந்தக் காரியத்தையும் தொடங்குவார். இடி இடித்தால் நடுக்கம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நடுக்கம். கொம்பு சீவிய மாடு எதிரே வந்தால் வேலியோரமாக ஒட்டிக்கொள்வார். நடுங்கிக்கொண்டே செய்ய வேண்டியதைச் செய்தும் விடுவார். இந்தப் பிற்பாதி என் கண்ணில் படுவதற்கு ரொம்ப நாளாயிற்று.

பெயர் வேண்டாம். அவர் வீட்டு மனிதர்கள் இன்னமும் அந்த ஊரில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள்.

திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற வழியில் உள்ள ஊர் அது. பருத்தியும் மிளகாயும் போடுவார்கள், மழை ஏமாற்றினால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி போடுவார்கள். கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்கு ஒரே ஓர் ஊருணி. ஊருணியில் குடம் முக்க உரிமை இருந்தால்தான் அந்த ஊரில் நீங்கள் ஓர் ஆள்.

அவருடைய கணவருக்கு டி.பி. வந்து மதுரையில் ஆறு மாதம் ஆஸ்பத்திரி வாசம். வார்டில் வேலை பார்த்த நர்சம்மா ஒருவர் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் செய்துவிட்டுப் போவாராம். மனிதர் பிழைத்துக்கொண்டார். மாத்திரையால் பிழைத்தேன் என்றார் கணவர். ஜெபத்தால் என்றார் இவர். “ரெண்டாலயும்னு வச்சுக்க. நீ போயிக் கும்புடு, என்னைய இழுக்காத” என்று அவர் விட்டுவிட்டார். அதிலிருந்து ஞாயிறுதோறும் இவர் அருப்புக்கோட்டையில் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார். போகப் போக அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேரும் கூடவே வந்தார்கள். ஐந்து பேருக்கும் பிடித்த மாதிரி டிரைவர் முகம் அமைவது கஷ்டம் என்பதாலோ என்னவோ, “உங்க வீட்டிலேயே கூடலாமேம்மா” என்றார் பாஸ்டர்.

“ஐயா, பயமா இருக்கே” என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, “என்னைக்கு வாரீக?” என்று கேட்டார்.

பாஸ்டர் வெளிநாட்டில் இருந்த தனக்குத் தெரிந்த சபைக்கு எழுதிப்போட, அங்கிருந்து மூன்று பேர் பன்னிரண்டு நாள் பயணமாக வந்து இறங்கினார்கள். ஐம்பது தாண்டிய ஒரு கணவன் மனைவி. கூடவே எந்நேரமும் கழுத்தில் கேமரா தொங்கும் ஒரு வாத்தியார். எண்பதுகளின் கடைசி அது. சுற்றுலாவுக்கென்று அனுமதி வாங்கி வந்தவர்கள் என்பதால், யாராவது கேட்டால் திருச்சுழிக் கோயில் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொன்னார் பாஸ்டர். காக்கிச் சட்டை போட்ட மின்வாரிய லைன்மேன் சைக்கிளில் போனால்கூடப் போலீஸோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

நான் எங்கே வந்தேன் என்றால், மொழிபெயர்க்க வந்தேன். அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சர். வயது இருபத்து நான்கு. மதுரையில் கான்வென்ட் படிப்பு. ஆங்கிலம் சரளமாக வரும், திமிர் அதைவிடச் சரளமாக வரும்.

முதல் நாள் அவர் டீ கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லா டம்ளரிலும் பாதிதான் டீ. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கை ஆடுகிறது. நிறைய ஊற்றினால் கொண்டு வருவதற்குள் பாதி தரையில் போய்விடும், அதனால் அளவாக ஊற்றி இரண்டு தடவை கொடுக்கிறார். வெள்ளைக்கார அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டைத் திறந்துவிட்டதற்கு நன்றி சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

“நன்றி கெடக்கட்டும். எனக்கு நேத்திருந்து சோறு எறங்கலன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரவுக அண்ணன் பக்கத்து வீடு. அவுகதேன் ஊருக்குப் பெரியாளு. என்ன நெனைக்கிறாகளோன்னு பயமா இருக்குன்னு சொல்லிருங்க தாயி.”

‘நீங்கள் வந்ததில் அவருக்கு மிகுந்த சந்தோஷம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். கடல் கடந்து வந்தவர்கள் முன்னால் நம் ஆள் இப்படிப் பயந்து சாகிறாரே என்ற வெட்கம். ஒரு தடவை மாற்றிச் சொன்ன பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பயம் என்று சொல்லும்போதெல்லாம் நான் சந்தோஷம் என்றேன், நம்பிக்கை என்றேன், உறுதி என்றேன். மூன்று பேரும் அவரைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். இப்படி ஒரு தைரியசாலியா என்று வியப்பார்கள். வியப்பு கூடக் கூட அவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிய எச்சரிக்கை குறைந்துகொண்டே போனது. தெருவில் பாடிக்கொண்டு நடந்தார்கள், திறந்திருந்த வீட்டுக்குள்ளெல்லாம் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஆடி மாதம். அம்மன் பொங்கலுக்கு ஊர் முளைப்பாரி போட்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு பயறு வாங்கி, மண்சட்டியில் எரு பரப்பி விதைத்து, வெளிச்சம் படாத அறையில் அடைத்து வைப்பார்கள். விரதம் இருக்கிற ஒரு பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். வேறு யார் கண்ணும் படக் கூடாது. முளை வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்தால் மழை உண்டு, வெள்ளாமை உண்டு. கடைசி நாள் ஊர்ப் பெண்கள் சட்டிகளைத் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்பார்கள். அந்த வருஷம் முளை வளர்ந்தது அவருடைய கணவரின் அண்ணன் வீட்டு அறையில். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பொது முற்றத்தில்தான் அந்தக் கதவு. இவர் வீட்டுப் பயறும் அந்தச் சட்டிகளில் முளைத்துக்கொண்டிருந்தது. கொடுக்காமல் இருக்கப் பயந்து கொடுத்திருக்கிறார். பாஸ்டருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயந்துகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைக் காட்டினார். “இந்தப் பக்கம் மட்டும் போயிரக் கூடாதுன்னு அவுக மூணு பேர்கிட்டயும் சொல்லிருங்க. தொறந்துட்டா ஊரு நம்மள உசுரோட விடாது. நெனச்சாலே கை காலெல்லாம் வெலவெலன்னு வருது. மறந்துராதீக.”

“சொல்லிடுறேன்க்கா” என்றேன்.

சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. வெள்ளைக்கார அம்மாவின் கணவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இந்த மாதிரி நம்பிக்கை எதையாவது கேள்விப்பட்டால் அந்த இடத்துக்கே போய் நின்று உரக்க ஜெபம் செய்ய வேண்டும் என்பார். முந்தின நாள்தான் அரசமரத்தடியில் அவரைத் தடுத்துக் கூட்டி வந்திருந்தேன். கதவைப் பற்றிச் சொன்னால் மனிதர் அந்தக் கதவுக்கே போய்விடுவார் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அக்கா என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்டதற்கு, ‘நாளைக்கு மோர் தரட்டுமா என்று கேட்கிறார்’ என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் உள்ளே பாடிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. நிலைப்படியில் கேமராக்காரர். உள்ளே வெளிறிய முளைகள், அதன் நடுவே தண்ணீர்ச் செம்போடு விரதக்காரப் பெண். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறார். கேமராக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னும் ஓர் அடி உள்ளே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது கால் மணி நேரம்தான் இருக்கும். எங்களை, நாங்கள் வந்த வாடகைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவர் அந்த அக்காதான். டிரைவர் வண்டியைக் கிளப்புவதற்குள் ஊர் ஆண்கள் வந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அடிக்கவும் இல்லை. காருக்கு முன்னால் புழுதியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். “கண்ணாடிய ஏத்துங்கம்மா” என்ற டிரைவரின் பிடரியில் வேர்வை வழிந்தது. இவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெள்ளைக்கார அம்மா கேட்டார். ‘வழியனுப்ப வந்திருக்கிறார்கள்’ என்றேன். அவர் சிரித்த முகமாகக் கண்ணாடி வழியே கையசைத்தார். எதிரே இருந்த ஒருவர் திரும்பித் துப்பினார்.

அப்போது அக்கா தன் வீட்டு வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். கால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, காருக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தேன் சொல்லாம விட்டுட்டேன். அவுகள விட்டுருங்க.”

கணவரின் அண்ணன் எழுந்தார். “அவுகளுக்குத்தேன் நம்ம பாசை தெரியாது. கூட வந்துச்சே டவுனுப் பிள்ளை, அதுகிட்டயாவது சொன்னியா இல்லையா?”

அக்கா திரும்பிக் கார்க் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். இறங்கி, ‘என்னிடம் சொன்னார், நான்தான் சொல்லவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது. அதைத் திறப்பதற்கா, திறக்க விடாமல் பிடிப்பதற்கா என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள்.

“சொல்லல” என்றார் அவர்.

ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். அன்றைக்கே மூவரையும் மதுரையில் ரயில் ஏற்றிவிட்டோம்.

அடுத்த ஆடி வரைக்கும் அந்த வீட்டுக் குடம் ஊருணியில் படக் கூடாது, ஊரார் யாரும் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று ஊர் கூடும் சாவடியில் முடிவு செய்தார்கள். பிறகு அவரும் பதினாலு வயது மகளும் இரண்டு மைல் தள்ளி இருந்த ஒரு பம்புசெட்டில் தண்ணீர் எடுத்தார்கள். கூட ஜெபித்த நாலு பெண்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் ஆடு மேய்க்கிற சாக்கில் கொல்லைப்புறமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்று பாஸ்டர் சொன்னார். “ஒவ்வொரு வாரமும், ஐயா அடுத்த வாரம் முடியாது, பயமா இருக்குன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் போனா பாய் விரிச்சு வச்சிருக்காங்க” என்று ஆச்சரியப்பட்டார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், இன்ஸ்டிடியூட் படியில் அந்த அக்கா நின்றார். டவுனுக்குத் தனியாக வந்திருந்தார். அத்தனை டைப்ரைட்டர் சத்தத்தையும் கேட்டு மிரண்டு, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். என் மேஜையில் வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் சபையின் பத்திரிகை கிடந்தது. அதில் அவர் படம்.

“நானா இது? என்ன போட்டுருக்கு தாயி?”

‘அச்சம் என்பதையே அறியாத பெண்’ என்று போட்டிருந்தது. மாற்றிச் சொல்ல அன்று எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நான் பயமா இருக்குன்னு சொன்னேன்ல? தெனமும் சொன்னேன்ல? நீங்க அவுககிட்டச் சொல்லவே இல்லையா?”

நான் டைப்ரைட்டர் ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். “மக வயசுக்கு வந்துட்டா. ரெண்டு மைலு அவளத் தனியாத் தண்ணிக்கு அனுப்ப முடியல. கருவக்காட்டுக்குள்ள பாதை. போன வாரம் எவனோ பின்னாடியே வந்திருக்கான், குடத்தப் போட்டுட்டு ஓடியாந்துட்டா. நானும் எத்தன நடைதேன் நடக்க? ஊருல இப்பக் கோவம் ஆறிருச்சு. நீங்க ஒருக்கா வந்து, இவ என்கிட்டச் சொன்னா, நாந்தேன் மறந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேணும்னு பண்ணல, சொல்லத்தேன் சொல்லிருக்கான்னு ஊருணிய விட்டுருவாக. உங்கள யாரையும் ஒரு வார்த்த ஏச விட மாட்டேன். நான் கூடவே நிக்கேன்.”

“கட்டாயம் வாரேன்க்கா. ஞாயித்துக்கிழமை வாரேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பத்தான் கிளம்பினேன். திருச்சுழியில் பஸ் மாற வேண்டும். நரிக்குடி பஸ் வந்து நின்றது. கூட்டமே இல்லை. கண்டக்டர், “ஏறும்மா, எடம் கெடக்குல்ல” என்றார். யாரும் என்னை மிரட்டவில்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. புழுதியில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த ஆட்கள் மட்டும் கண்ணுக்குள் இருந்தார்கள். படியில் கால் வைக்கவில்லை. பஸ் போய்விட்டது. எதிர்ப்பக்கம் வந்த அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் தலை வலிப்பது போலவே இருந்தது.

ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அடுத்த தையில் கல்யாணமாகி விருதுநகர் போய்விட்டேன்.

அவருடைய மகளை நான் மறுபடி பார்த்தது பத்து வருஷம் கழித்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். இடுப்பில் குழந்தை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அவளாகவே வந்து, “டீச்சர், என்னையத் தெரியுதா?” என்றாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு டீச்சர். ஞாயித்துக்கிழமை இருவது பேருக்கு மேல வாராக எங்க வீட்டுக்கு. பெரியப்பா செத்தப்புறம் பெரியம்மாகூட வந்து உக்காருது.”

“தண்ணி?”

“அதெல்லாம் அப்பவே விட்டுட்டாக. ரெண்டு வருசம் கஷ்டப்பட்டோம்.”

“ஒரு வருஷம்னுதானே சொன்னாங்க?”

“அன்னைக்கு நீங்க வாரேன்னு சொன்னீகல்ல, அதுக்கு எங்கம்மா பெரியாளுக நாலு பேரு வீட்டு வாசல்லயும் போயி நின்னு, சாவடிக்கு வாங்க, டவுனு டீச்சர் வந்து பேசப் போறாகன்னு கூப்புட்டுட்டு வந்துச்சு. போறப்ப வாசல்ல வாந்தி எடுத்துட்டுத்தேன் போச்சு. எல்லாரும் வந்து உக்காந்துட்டாக. பன்னெண்டு மணி வரைக்கும் பாத்தாக. ஊரக் கூட்டி வச்சுக் கேலி பண்றியான்னு இன்னும் ஒரு வருசம் போட்டுட்டாக. அம்மா அவுக முன்னாடி கையெடுத்துக் கும்புட்டு, அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ ஆகிப்போச்சு, இல்லாட்டி வராம இருக்காதுன்னு அழுதுச்சு.”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்கிற அக்கறையோடு கேட்டாள்.

“அன்னைக்கு உங்களுக்கு உடம்புக்கு என்ன டீச்சர்?”

“காய்ச்சல்” என்றேன்.

“அப்படித்தேன் இருக்கும்னு அம்மா சொல்லுச்சு. ஒரு மாசம் எங்க வீட்டுல உங்க காய்ச்சலுக்குத்தேன் ஜெபம் பண்ணுனோம்” என்றாள்.